நிலம் பார்த்தாச்சு, வக்கீல் பார்த்தாச்சா?

புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில், காலாப்பட்டும் கனகசெட்டிக்குளமும் தாண்டினால் எங்கள் கீழ்புத்துப்பட்டு. மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலுக்கு வந்தவர்களுக்கு ஊர் தெரியும். இப்போதெல்லாம் சாமி பார்க்க வருகிறவர்களைவிட நிலம் பார்க்க வருகிறவர்கள்தான் அதிகமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கார் கண்ணாடியை இறக்கி, “இங்க சென்ட் என்ன போகுது?” என்று கேட்டுவிட்டுத்தான் கோயிலுக்கு வழி கேட்கிறார்கள்.

என் தம்பி குவைத்தில் பதினோரு வருஷமாக ஏசி மெக்கானிக். சேர்த்த பணத்தில் சொந்த ஊரிலேயே 20 சென்ட் வாங்க ஆசைப்பட்டான். மூன்று மாதத்தில் லீவு, அப்போது கிரயம், அதற்குள் பார்க்க வேண்டியதை நான் பார்த்து வைக்க வேண்டும். “எல்லாம் கிளியர்னு புரோக்கர் சொல்றாருக்கா. வக்கீலும் அவரே வச்சிருக்காராம்” என்றான் போனில்.

எனக்கு உறுத்தியது அந்தக் கடைசி வாக்கியம்தான். புரோக்கருக்குக் கிரயம் நடந்தால்தான் கமிஷன். அவர் கூட்டி வரும் வக்கீல், கிரயத்தை நிறுத்துகிற மாதிரி ஒரு வார்த்தை சொல்வாரா?

சரி, பத்திரப் பதிவு அலுவலகத்தில் பார்த்துத்தானே பதிவு செய்வார்கள் என்று பலரும் நினைக்கிறோம். 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எழுதிக் கொடுக்கிறவருக்கு அந்தச் சொத்தில் உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது பதிவு அலுவலரின் வேலை இல்லை. அப்படி ஆராயச் சொன்ன 55-ஏ விதியே செல்லாது என்றது. பத்திர எழுத்தர் நாம் சொல்வதை எழுதுவார். பேங்க் லோன் போட்டால் பேங்க் வக்கீல் பார்ப்பார், ஆனால் அவர் பார்ப்பது பேங்க்குக்காக. பட்டா இருக்கிறதே என்றால், பட்டா வருவாய்த் துறையின் கணக்கு. அது மட்டும் உரிமைப் பத்திரம் ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

இதைப் புலம்பிக்கொண்டிருந்தபோது, எங்கள் ஊர் இலங்கைத் தமிழர் முகாமில் துணி தைக்கும் அக்கா ஆச்சரியப்பட்டார். “எங்கட ஊரில காணி உறுதி எழுதுறதே நொத்தாரிசுதான். ரெண்டு சாட்சியும் அவருக்கு முன்னால கையெழுத்து வைக்க வேணும். இல்லாட்டி உறுதி செல்லாது.” 1840-லேயே அங்கே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. தெற்கே புதுச்சேரியிலும் பிரெஞ்சுக்காரர் காலத்தில் நொத்தேர் முன்னால் பத்திரம் எழுதுகிற வழக்கம் இருந்தது. நடுவில் இருக்கும் நமக்குத்தான் வக்கீல் என்பது விருப்பப்பட்டால் வைத்துக்கொள்கிற ஆள்.

முதலில் போனில் தேடினேன். நட்சத்திரம் போட்டு, ‘உங்கள் அருகில் சிறந்த வக்கீல்கள்’ என்று வரிசையாக வந்தது. ஓட்டல் தேடுகிற மாதிரி இருக்கிறதே என்று விசாரித்தால், இந்தியாவில் வக்கீல்கள் விளம்பரம் செய்யவே கூடாதாம். பார் கவுன்சிலின் 36-ம் விதி. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், இணையத்தில் ஆள் பிடிக்கும் வக்கீல்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி பார் கவுன்சிலுக்கு உத்தரவே போட்டது. ஆக, நல்ல வக்கீலுக்கு போர்டு இருக்கும், விளம்பரம் இருக்காது. வாய்வழியாகக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சென்னையில் ஒரு சொந்தக்காரர், “ஜெராக்ஸை வாட்ஸ்அப்ல அனுப்பு, ஹைகோர்ட் வக்கீல் ரெண்டு நாள்ல ஒப்பீனியன் கொடுத்துடுவார்” என்றார். பெரிய வக்கீலாகவே இருக்கலாம். ஆனால் நிலம் என்பது பேப்பரில் மட்டும் இருக்கிற விஷயமா?

எங்கள் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பத்திரத்தில் தென்னாற்காடு மாவட்டம் என்று இருக்கும். 1993-ல்தான் விழுப்புரம் தனி மாவட்டம் ஆனது. மரக்காணம் தனித் தாலுகா ஆனது அதற்கும் ரொம்பப் பிறகு. யூடிஆர் என்று எல்லோரும் சொல்லும் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் சர்வே எண்ணுக்கு உட்பிரிவு மாறியிருக்கும், சில இடத்தில் பெயரே மாறியிருக்கும். பழைய அ-பதிவேட்டில் ‘டி.சி.’ என்று குறிப்பு இருந்தால் அது பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு, 1892-லிருந்து தலித் மக்களுக்கு வெள்ளைக்கார அரசு ஒதுக்கியது. முதல் பத்து வருஷம் விற்கவே கூடாது, அதற்குப் பிறகும் அந்த மக்களுக்குள்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. எத்தனை கை மாறியிருந்தாலும் நிபந்தனை நிலத்தோடு கூடவே வரும்.

கோயில் நிலமாக இருந்தால், அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி இல்லாத கிரயம் செல்லாது. உப்பளம் பக்கம் போனால் சொந்த நிலமும் உண்டு, அரசிடம் குத்தகைக்கு எடுத்த நிலமும் உண்டு. வெயிலில் இரண்டும் ஒரே மாதிரிதான் மின்னும். கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் என்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். வாங்கலாம், நினைத்தபடி கட்ட முடியாது. கழுவெளி 2021-ல் பறவைகள் சரணாலயம் ஆகிவிட்டது, அந்த ஓரத்தையும் கவனிக்க வேண்டும். சாலை அகலப்படுத்தும் வேலையில் எந்த சர்வே எண் போகிறது என்பது இன்னொன்று. இதெல்லாம் போக, நாலு வயல் தள்ளினால் புதுச்சேரி. அங்கே பதிவு அலுவலகமும் சட்ட நடைமுறையும் வேறு, பழைய பத்திரம் பிரெஞ்சில்கூட இருக்கும். ஒரு நல்ல விஷயம், தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் பார் கவுன்சில் ஒன்றுதான். வக்கீலின் பதிவு எண்ணை அங்கே சரிபார்த்துக்கொள்ளலாம்.

இத்தனையும் தெரிந்தவர் திண்டிவனம், விழுப்புரம் கோர்ட்டுகளில் தினமும் நின்று பழகியவராகத்தான் இருக்க முடியும் என்று தோன்றியது. ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவரிடம் கேட்டேன். வரப்புத் தகராறில் கேஸ் நடத்தியவர்களிடம் கேட்டேன். ஜெயித்தவர்கள் எல்லோரும் தங்கள் வக்கீலைப் புகழத்தான் செய்வார்கள். அதனால் தோற்றுப்போன ஒரு பெரியம்மாவிடமும் கேட்டேன். “தோத்ததுக்கு அந்தம்மா என்ன பண்ணும்? முதல் நாளே கேஸு வீக்குன்னு சொல்லிடுச்சு. நான்தான் போடுன்னேன்” என்றார். அந்த வக்கீல் எண்ணைத்தான் வாங்கிக்கொண்டேன்.

திண்டிவனத்தில் மாடிப்படிக்குக் கீழே சின்ன ஆபீஸ். நான் பைலை நீட்டினேன், அவர் வாங்கவில்லை. “வாங்கறது யாரு, விக்கிறது யாரு, நடுவுல யாரு? அத மொதல்ல சொல்லுங்க” என்றார். சொன்னேன். ஒரு டைரியைப் புரட்டிவிட்டு, “விக்கிறவங்களுக்கு நான் எதுவும் பண்ணதில்ல. புரோக்கரும் பழக்கமில்ல. அப்ப உங்களுக்குப் பார்க்கலாம்” என்றார். பிறகுதான் பைல் கை மாறியது. எட்டாயிரம் ரூபாய், வில்லங்கம் போடும் செலவு தனி, ஒப்பீனியன் எழுத்தில், பணத்துக்கு ரசீது. எட்டாயிரமா என்று தம்பி இழுத்தான். முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம், பத்து லட்சத்துக்கு 90 ஆயிரம் ரூபாய் அரசாங்கத்துக்கு முணுமுணுக்காமல் கட்டுகிறோம். இங்கே மட்டும் பேரம் பேசத் தோன்றுகிறது.

வில்லங்கச் சான்றிதழ் சுத்தமாக வந்தது. புரோக்கர் முகத்தில் பெருமை. வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை. “பதிவானதுதான் வில்லங்கத்துல வரும். பதிவாகாத உயில் வராது. கூடப் பொறந்தவங்க எத்தனை பேருன்னும் வராது.”

நிலம் விற்பவர்கள் அண்ணன் தம்பி இருவர். அப்பா 1974-ல் சொந்தப் பணத்தில் வாங்கியது. 1998-ல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். 2001-ல் மகன்கள் இருவரும் பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டுக்கொண்டார்கள். பட்டாவும் அவர்கள் பெயரில். வக்கீல் கேட்டது ஒரே ஒரு காகிதம், வாரிசுச் சான்றிதழ். “அதெல்லாம் எதுக்கும்மா, பட்டாவே இருக்கே” என்று புரோக்கர் பத்து நாள் இழுத்தார். வந்தபோது அதில் மனைவி, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள் என்று ஐந்து பெயர்.

மனைவியும் பிறகு தவறிவிட்டதால் நாலு பிள்ளைகளுக்கும் சம பங்கு. இருபது சென்ட்டில் பத்து சென்ட் அக்கா தங்கையுடையது. மகள்களுக்குப் பங்கு என்றாலே 1989 சட்டம், 2005 திருத்தம் என்று பேசுகிறோம். அது பூர்வீகச் சொத்துக்கு. அப்பா சம்பாதித்து, உயில் எழுதாமல் விட்டுப்போன சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று 1956-லேயே சட்டம் சொல்லிவிட்டது. அண்ணன்காரர், “சீர் செஞ்சு கட்டிக் கொடுத்தாச்சே, இன்னும் என்ன?” என்றார். அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

“இப்படியே வாங்கினா, நாளைக்கு அந்தம்மாவோ பேரப் புள்ளயோ பாகம் கேட்டு கேஸ் போடுவாங்க. உங்க தம்பி குவைத்துலருந்து வாய்தாவுக்கு வந்து நிப்பாரு” என்றார் வக்கீல்.

மூத்த மகள் காலாப்பட்டில் மீன் விற்கிறார். தங்கை சென்னையில். மூத்தவரைப் பார்க்க நானே போனேன். போகுமுன் வக்கீல் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். “விஷயத்தைச் சொல்லுங்க. ஆனா கையெழுத்துக்குன்னு ஒரு பேப்பர்கூட நீட்டாதீங்க. நான் உங்க வக்கீல், அவங்களுக்கு இல்ல. அவங்களுக்கு வேற ஆள் வேணும். பெண்களுக்கு வருமானம் பார்க்காம இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்கு போன் பண்ணச் சொல்லுங்க, இல்ல கோர்ட் வளாகத்துலயே சட்டப் பணிகள் குழு இருக்கு.”

அந்த அம்மா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் சொன்னதை இரண்டு தடவை கேட்டார். “அப்பா நிலத்துல எனக்கா?” என்றார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, “தம்பிங்க கோச்சுக்குவானுங்களே” என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. 15100 என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதற்குள் தம்பிகள் இருபதாயிரம் ரூபாயோடு வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து கேட்டிருக்கிறார்கள். அவர் முகத்தில் அடிக்கிற மாதிரி எதுவும் சொல்லவில்லை. “வக்கீல்கிட்ட கேட்டுச் சொல்றேன்” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். சட்ட உதவியில் வந்த வக்கீல் பேச, இரண்டு மாதம் மனஸ்தாபம். புரோக்கர் எங்கள் வீட்டுப் பக்கமே வருவதை நிறுத்தினார். தம்பியின் லீவு முடிந்து, கிரயம் நடக்காமலே விமானம் ஏறினான். போகிற அன்றைக்கு என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஏழு மாதம் கழித்து அடுத்த லீவில்தான் பதிவு நடந்தது. எழுதிக் கொடுப்பவர்கள் நாலு பேர், நாலு காசோலை. அண்ணன் தம்பி ஒரு பெஞ்சில், அக்கா தங்கை இன்னொரு பெஞ்சில். டோக்கன் வர மதியம் இரண்டு மணி ஆனது. நடுவில் அண்ணன்காரர்தான் எழுந்துபோய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார்.

எங்கள் வக்கீல் கடைசியாக ஒரு தடவை நான்கெல்லையைப் படித்துப் பார்த்துவிட்டு, “சரி, போடுங்க” என்றார். காலாப்பட்டு அம்மா பேனாவைக் கையில் எடுத்தார். எடுத்தவர் கீழே வைத்துவிட்டுத் தன் வக்கீலைத் தேடினார். “அவரும் ஒருவாட்டி பார்த்துடட்டும்” என்றார்.