முன்கை அளவு

கழுத்துச் சங்கிலிக்கு அளவு பார்ப்பார் அரியர். மோதிரத்துக்கு விரலை அளந்தால் போதும். கணுவைக் கடக்க வேண்டுமெனினும் அவ்வேறுபாடு சிறிது. வளையலின் நிலையோ வேறு. ஓரிடத்தைக் கடந்து மற்றோரிடத்தில் வாழ்வது அது. கடக்கும் இடம் புறங்கையின் அகன்ற பகுதி. வாழும் இடம் மெலிந்த மணிக்கட்டு. இவ்விரண்டின் அளவும் எவர்க்கும் ஒன்றாய் இருப்பதில்லை. கையணியைத் தேர்வதில் நேரும் இடர்களுள் பெரும்பாலானவற்றுக்கு இதுவே வேர் என்பது எம் கருத்து. எடையையும் வேலைப்பாட்டையும் விரித்துரைக்கும் விற்பனையாளர் இதனைச் சொல்லக் கேட்டதில்லை.

நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். மணிக்கட்டை ஒட்டிய பகுதியை முன்கை என்றும் இறை என்றும் வழங்கினர்; அங்கே அணிவதை வளை என்றும் தொடி என்றும் பிரித்துப் பேசினர். பிரிந்த தலைவியின் வளை நெகிழ்வதைப் பாடாத அகப்பாடற் புலவர் அரியர். திருக்குறளின் 124-ஆம் அதிகாரமாகிய உறுப்புநலன் அழிதலிலும் தொடி சோர்வதே துயரின் அளவுகோலாய் நிற்கிறது. பி.ஏ. வகுப்பில் இவற்றைப் படித்தபோது உயர்வு நவிற்சி என்று எழுதி மதிப்பெண் பெற்றோம். இன்று அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணும்போது வேறொன்று தோன்றுகிறது. விரல்களைக் குவித்து வலிந்து ஏற்றிய வளை தானே கழன்று விழ வேண்டுமாயின், மணிக்கட்டு மட்டும் மெலிந்தால் போதாது. புறங்கையும் மெலிய வேண்டும். புலவர் சொன்ன மெலிவு எத்துணைப் பெரிது!

அக்காலத்து வளை பெரும்பாலும் சங்கினை அறுத்துச் செய்தது. கீழடி, கொடுமணல் முதலிய அகழாய்விடங்களில் சங்கு வளையல்கள் கிடைத்துள்ளன. தமிழகக் கடலில் எடுத்த சங்குகள் வங்காளத்துக்குச் சென்று அங்குள்ள மணமகளிர் கையில் வளையலாயின என்ற செய்தியை, ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் இந்தியாவின் சங்கு பற்றி எழுதிய நூலில் காணலாம். பொன்னைத் தட்டி நீட்டலாம். சங்கை நீட்ட இயலாது. கடல் தந்த அளவுக்குள் கையைத் தேட வேண்டும்.

இன்றைய வளையல் அளவு அங்குலத்தில் அமைந்தது, உள்விட்டத்தைக் குறிப்பது. கடையில் 2-4 என்றால் இரண்டு அங்குலமும் பதினாறில் நான்கு பங்கும், அதாவது இரண்டேகால். 2-8 என்றால் இரண்டரை. நடுவிலுள்ள 2-6 நம் பழைய கீழ்வாய்க் கணக்கில் இரண்டேகாலே அரைக்கால். இவற்றின் உள்சுற்றைச் சென்டிமீட்டரில் கணக்கிட்டால் 2-4-க்கு ஏறத்தாழ 18, 2-6-க்கு 19, 2-8-க்கு 20 என வரிசையாய் வருகின்றது. நினைவில் வைக்க எளிது. அலுவலகத்தில் இருபத்தைந்து ஆண்டுகளாய்க் கூட்டிக் கழிக்கும் எமக்கு இதில் மற்றொரு செய்தியும் புலப்பட்டது. இரண்டேகாலுக்கும் இரண்டரைக்கும் உள்ள விகிதம் ஒன்பதுக்குப் பத்து. ஒரே தடிப்பில் ஒன்பது கிராமில் முடியும் வளையல், கை அகன்றவர்க்குப் பத்து கிராம் ஆகும். உழைத்து அகன்ற கைக்குப் பொன்னும் மிகுதியாய் வேண்டியிருக்கிறது!

அவ்வாறு வாங்கிய வளையல் மெலிந்த மணிக்கட்டில் நிற்குமா எனில், நில்லாது. கையை உயர்த்தினால் முழங்கையை நோக்கி ஓடும்; தாழ்த்தினால் புறங்கையில் வந்து இடிக்கும். பூட்டுடைய பிரேஸ்லெட்டுக்கு இக்குறை இல்லை. அது கையைக் கடப்பதில்லை; ஆதலின் மணிக்கட்டை மட்டும் அளந்தால் போதும். எலும்பு முனைக்குச் சற்று மேலே நூலைச் சுற்றி அளந்து, அதனோடு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் கூட்டிக் கொள்க. காலைக் குளிரில் அளவாதீர்; வெயிலில் கை சற்று உப்பும். மணிக்கட்டு உருண்டை அன்று, தட்டையானது என்பதையும் மறத்தல் ஆகாது. வட்ட வளையம் அதன்மேல் நிற்கையில் மேலும் கீழும் இடைவெளி விழும். நீள்வட்டமே படிந்து கிடக்கும். மெலிந்த கைக்கு அகன்ற பட்டை விலங்கு போல் தோன்றும். பருத்த கைக்கு மெல்லிய கம்பி நூல் போல் மறையும். மற்றவை அவரவர் கண்ணுக்கு விடப்படும்.

பண்டு இவ்வளவையெல்லாம் வளையற்காரர் தம் விரலாலேயே செய்து முடித்தார். மதுரை ஆவணி மூலத் திருவிழாவில் வளையல் விற்ற லீலையென்று இறைவனையே அத்தொழிலில் இருத்தி வைத்தோம். கன்னட நாட்டிலும் ‘பளெகாரர்’ வெறும் வணிகர் அல்லர்; பிறந்தகத்துச் செய்தி கொணர்பவர். கே.எஸ். நரசிம்மசுவாமியின் 1942-ஆம் ஆண்டுக் கவிதை நூலான ‘மைசூரு மல்லிகெ’யில் வரும் சென்னய்யாவை அறியாத கன்னடர் அரியர். கையை ஒருமுறை அழுத்திப் பார்த்து அளவு சொல்லும் அத்தகையோரை எம் இளமையில் கண்டிருக்கிறோம்.

இத்துணையும் ஆராய நேர்ந்ததற்குக் காரணம் எம் இல்லத்தரசியின் கை. யாம் வாழும் ஹெப்பகோடி, ஒசூர்ப் பெருவழியில் பொம்மசந்திரத் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர். விடியற்காலையில் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துத் தமிழும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் பெண்கள் கூட்டம் தொழிற்கூட வாயில்களை நோக்கிச் செல்லும். 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் வந்தபின் எம் அலுவலகப் பயணம் எளிதாயிற்று. ஆயினும் அக்கூட்டத்தைக் கடந்தே நிலையம் ஏற வேண்டும். மகள் வேலைக்குச் சென்றபின் வீட்டில் தனித்திருந்த அவளுக்கும் மருந்து சிப்பமிடும் கூடமொன்றில் வேலை கிடைத்தது. நாற்பத்து நான்காம் வயதில் முதல் வேலை. அங்கே ஒரு விதி: வளையல், மோதிரம் எதுவும் உள்ளே வரலாகாது. மருந்து செய்யும் இடத்துக்கு அது நியாயமான விதியே.

அவள் கையில் இரண்டு பொன் வளையல்கள். 2001-இல் திருமணத்தின்போது அவள் அன்னையார் பாலக்கோட்டில் செய்வித்துத் தம் கையாலேயே ஏற்றிவிட்டவை. ஒவ்வொன்றும் ஒன்றரைச் சவரன், அளவு 2-4. அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இதற்குள் அவளுக்கு விரலடி மூட்டுகள் வீங்கித் தடித்தன. மணிக்கட்டோ பதினான்கரைச் சென்டிமீட்டரில் அப்படியே நின்றது. சோப்பு, எண்ணெய், நூல் எதற்கும் வளையல்கள் இறங்கவில்லை. “வெட்டித்தாங்க எடுக்கணுமாம்” என்று ஒருநாள் அவளே சொன்னாள். சொல்லிவிட்டு இரண்டு நாள் அப்பேச்சை எடுக்கவில்லை. வேலையில் சேர ஆறு நாளே இருந்தன.

மகள் தன் வழியில் ஒரு தீர்வு கண்டாள். தொலைபேசித் திரையில் கார்த்தியே நிறுவனத்தின் ‘லவ்’ பிரேஸ்லெட்டைக் காட்டினாள். 1969-இல் நியூயார்க்கில் ஆல்டோ சிப்புல்லோ என்பவர் வடிவமைத்தது, நீள்வட்டமானது, இரு பாதிகளைக் கையில் பொருத்தித் திருகுளியால் முடுக்குவது. மணிக்கட்டுக்குச் சென்டிமீட்டரில் அளவு சொல்லி வாங்க வேண்டும். “காசு சேர்த்து இதை வாங்கித் தரேன்மா. பழசு போனா போகட்டும்” என்றாள். விலை பல இலட்சம். அவள் அன்னை படத்தை நெடுநேரம் பார்த்தாள். “இதே மாதிரி திருகாணி வச்ச காப்பு எங்க பாட்டி போட்டிருந்தாங்களே” என்றாள்.

அச்சொல்லே வழியைத் திறந்தது. பொற்கொல்லர் ஒருவரிடம் சென்றோம். அவர் கையைப் பிடித்துப் பார்த்தார். மணிக்கட்டையும் விரலடியையும் தனித்தனியே அளந்தார். “அம்மா, வெட்டினா நகை போயிடாது. ஒரு பக்கம் கீல், ஒரு பக்கம் திருகாணி வச்சுடறேன். இனிமே இது கையைத் தாண்ட வேண்டாம். அதனால பதினாறு சென்டிமீட்டர் போதும்; கொஞ்சம் நீள்வட்டமாவே தட்டிடலாம்” என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். தோலுக்கும் பொன்னுக்கும் இடையே தகட்டுத் துண்டொன்றைச் செருகி, சிறு அரத்தால் இரு வளையல்களையும் அறுத்தார். இருபத்து நான்கு ஆண்டுகள் மூடிக்கிடந்த தோலில் இரு வெண்ணிற வளையங்கள் தெரிந்தன.

பதினெட்டிலிருந்து பதினாறாகச் சுருக்கினால் ஒன்பதில் ஒரு பங்கு மிஞ்சும். பன்னிரண்டு கிராமில் அது ஒன்றேகால் கிராமுக்குச் சற்று மேல். ஒரு வளையலில் மிஞ்சியது இரண்டுக்கும் கீலாகவும் திருகாணியாகவும் ஆயிற்று. மற்றதில் மிஞ்சிய துண்டை அவர் சிவப்புத் தாளில் மடித்துத் திருப்பித் தந்தார். அவர் கண்ணெதிரே நிறுத்துக் காட்டிய நேர்மையை இங்கே குறிப்பிடாதிருத்தல் முறையன்று.

இப்போது அவள் வேலைக்குச் செல்லுமுன் திருகாணியைக் கழற்றிப் பேழையில் வைக்கிறாள். மாலையில் வந்ததும் பூட்டிக்கொள்கிறாள். முன்போல் ஒலி எழுவதில்லை. சமையலறையில் அவள் இருப்பதை ஒலியால் அறிந்து பழகிய எமக்கு அது குறையே. மகளோ இலட்சக் கணக்கைக் கைவிட்டாள். தன் மணிக்கட்டை நூலால் அளந்து பதினைந்து என்று குறித்து வைத்திருக்கிறாள். ஒன்றரை கூட்டிப் பதினாறரையில் மெல்லிய சங்கிலிப் பிரேஸ்லெட் ஒன்று செய்விக்க வேண்டுமாம். நடுவில் ஒரு சிறு தகடு இருக்கும். அதற்கு அந்தச் சிவப்புத் தாள் மடிப்பைக் கேட்டாள். அவள் அன்னை இன்னும் தரவில்லை. தரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.