கண்ணுக்குத் தெரியாத கான்

வீட்டின் வசதியை முன்வாசல் காட்டும். வீட்டின் ஒழுங்கைக் காட்டுவது கழிவுநீர் செல்லும் பின்வழியே. இதனை நான் எந்த நூலிலும் படித்து அறியவில்லை. தலவாக்கலையை அடுத்த தோட்டமொன்றில், ஒரு தீபாவளிக்கு மறுநாட் காலையில், என் தாயாரின் கலங்கிய கண்களைப் பார்த்தே அறிந்துகொண்டேன்.

என் தாயார் நாற்பது ஆண்டுகள் லயத்தில் வாழ்ந்தவர். ஒரு காம்பரா, ஓர் இஸ்தோப்பு, அதன் முன்னே லயத்தின் நீளத்துக்கும் ஓடும் சீமெந்துக் கான். இவ்வளவுதான் அவருடைய வீடு. பாத்திரம் கழுவிய நீரும் சோறு வடித்த கஞ்சியும் அந்தக் கானிலேதான் சென்றன. பிற்காலத்தில், மலைச்சரிவில் ஏழு பேர்ச் காணியில் எங்களுக்கு ஒரு தனிவீடு கிடைத்தது. சமையலறையிலே பாத்திரம் கழுவும் தொட்டியும் அதன் அடியில் குழாயும் இருக்கக் கண்டு அம்மா அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. "இனிமே கான் ஓரத்துல குந்திக் கழுவ வேணாம், தம்பி" என்று வந்தவர்களுக்கெல்லாம் அந்தத் தொட்டியைக் காட்டினார்.

தீபாவளி வந்தது. முறுக்கும் வடையும் அதிரசமும் சுட்ட பின், சட்டியில் எஞ்சிய எண்ணெயை அம்மா தொட்டியில் ஊற்றிக் கழுவிவிட்டார். மறுநாட் காலை தண்ணீர் மெல்ல மெல்ல இறங்கியது. தள்ளிவிடும் எண்ணத்தோடு இரண்டு வாளி தண்ணீரை ஊற்றினார். உள்ளே இறங்கிய நீர், வெளியே குழாய்கள் கூடும் சிறு குழியின் மூடியைத் தூக்கிக்கொண்டு பொங்கி, சரிவிலே ஓடி, கீழ்வீட்டு வாசலிற் போட்டிருந்த கோலத்தை அழித்துவிட்டது.

அந்த வீட்டுப் பெண்மணி என் தாயாரோடு முப்பது ஆண்டுகள் ஒரே மலையிற் கொழுந்து பறித்தவர். அவர் சண்டையிடவில்லை. "என்னக்கா, நல்ல நாளும் அதுவுமா எங்க வாசல்லயா கழுவி விடுறீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த ஒரு கேள்வியிலே அம்மா ஒடுங்கிப்போனார்.

குழாய் வேலை தெரிந்த பெரியவர் ஒருவரை அழைத்து வந்தேன். குழியின் மூடியை அகற்றி, மூங்கிற் பிளாச்சு ஒன்றைக் குழாயினுள் விட்டு அவர் குத்தி இழுத்தபோது, மெழுகுவர்த்தி போன்ற வெள்ளைக் கட்டிகள் வெளிவந்தன. அவற்றில் தேயிலைச் சக்கையும் சாம்பலும் தேங்காய்த் தும்பும் ஒட்டிக் கிடந்தன. "இது குப்பை மட்டுமில்ல, சேர், தேங்காயெண்ணெய் உறைஞ்சு போயிருக்கு" என்றார் அவர்.

நான் வெட்கினேன். தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையும் என்பதை மாணவர்க்குச் சொல்லிக்கொடுப்பவன் நான்! கொழும்பு வெயிலில் நீராக நிற்கும் எண்ணெய், ஏறக்குறைய 4,000 அடி உயரத்திலுள்ள தலவாக்கலையிற் போத்தலுக்குள்ளேயே கட்டியாகிவிடுகிறது. அடுப்போரத்தில் வைத்து இளக்கித்தானே தலைக்குப் பூசுகிறோம்? போத்தலில் உறைவது, மண்ணுக்குள் குளிர்ந்து கிடக்கும் குழாயில் உறையாதிருக்குமா? உறைந்த நெய்ப்பிலே சக்கையும் சாம்பலும் ஒட்டி, நாளடைவில் வழியையே அடைத்துவிட்டன. இது ஏழை வீட்டுக் குறையென்று எவரும் எண்ண வேண்டாம். 2017ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் வைட்சப்பல் பகுதியில், 250 மீற்றர் நீளமும் ஏறத்தாழ 130 தொன் எடையும் கொண்ட கொழுப்புப் பாறையொன்று பாதாளச் சாக்கடையை அடைத்துக் கிடந்தது.

அன்று இரவு அம்மா கேட்டார்: "நாப்பது வருசம் லயத்துக் கான் ஒரு நாளும் இப்படி அடைக்கலியே, தம்பி. வீடு நல்லாகிப் புத்தி கெட்டுப்போச்சா?"

சிந்தித்துப் பார்த்தேன். லயத்துக் கான் திறந்து கிடந்தது. சோற்றுப் பருக்கை தேங்கினாலும் கண்ணிற் படும். உடனே விளக்குமாற்றால் தள்ளுவோம். நாம் தள்ளாதுவிட்டதை வாசல்கூட்டி தள்ளினார். நாம் எழுமுன்னே அவர் செய்த உழைப்பை ஒரு நாளேனும் நினைத்தோமா? திறந்த கானைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. அசுத்தத்தினால் நம் முன்னோர் பட்ட துன்பம் பெரிது. இலங்கைத் தோட்டங்களிலே கொக்கிப்புழுவை ஒழிக்க ராக்பெல்லர் நிறுவனத்தார் 1916ஆம் ஆண்டில் வேலை தொடங்க வேண்டிய அளவுக்கு அந்நோய் பரவியிருந்தது. மூடிய குழாய் நமக்குக் கிடைத்த நன்மையே. ஆனால், கண் செய்துவந்த காவலை இனிமேல் கருத்துச் செய்ய வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது சில வழக்கங்கள் உண்டு. எஞ்சிய எண்ணெய் ஒரு பழைய தகரப் பேணிக்குள் போகிறது. உறைந்ததும் குப்பையோடு சேர்கிறது. எண்ணெய்ச் சட்டியைப் பழைய பத்திரிகைத் தாளால் துடைத்த பின்பே கழுவுகிறோம். தொட்டியின் வாயில் ஒரு சல்லடை இருக்கிறது. அதில் தங்கும் தேயிலைச் சக்கை லீக்ஸ் பாத்திக்கு உரமாகிறது. சாம்பலிட்டுப் பாத்திரம் துலக்குவதாயின் அதை வெளியிலேயே செய்கிறோம். மாதமொருமுறை வெளிக்குழியின் மூடியைத் திறந்து பார்க்கிறோம்.

வெந்நீர் ஊற்றினாற் போதுமே என்பார் உளர். வெந்நீர் எண்ணெயை அழிப்பதில்லை. சற்றுத் தூரம் இளக்கிக் கொண்டுபோய் அங்கே உறைய விடுகிறது. கொதிநீரோ பி.வி.சி. குழாயையே நெகிழச் செய்யும். கடைகளில் விற்கும் கோஸ்டிக் சோடாவும் விளையாட்டுப் பொருளன்று. தெறித்தால் தோலையும் கண்ணையும் எரித்துவிடும். தொட்டியின் கீழுள்ள வளைவையும் வீண் என்று எண்ணி நீக்கலாகாது. அதில் எப்போதும் நிற்கும் சிறிது நீரே, குழாயின் துர்நாற்றம் வீட்டுக்குள் ஏறாமற் தடுக்கிறது. அத்தகைய வளைவை மலகூடத்துக்கு அமைத்து 1775ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற அலெக்சாண்டர் கமிங் ஒரு கடிகாரக் கலைஞர் என்பது மாணவர் அறியத்தக்க செய்தி.

அன்று மாலையே அம்மா ஒரு வாளியும் விளக்குமாறும் எடுத்துக்கொண்டு கீழ்வீட்டுக்குப் போனார். வேண்டாம் என்று தடுத்தும் கேளாமல், வாசலைக் கழுவித் தம் கையாலேயே கோலமும் போட்டார். திரும்பி வரும்போது அந்த வீட்டுத் தேநீரைக் குடித்துவிட்டே வந்தார்.

மலைநாட்டில் ஒவ்வொருவருக்கும் கீழே ஒரு வீடு உண்டு. எல்லா வீடுகளுக்கும் கீழே கொத்மலை ஓயா ஓடுகிறது. அதை மறித்து 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்த்தேக்கம் நம் ஊர் வாசலிலேயே இருக்கிறது. நாம் கழுவி விடுவது மறைந்துபோவதில்லை. இன்னொருவர் வாசலுக்குத்தான் போய்ச் சேர்கிறது. அடுத்த முறை எண்ணெய்ச் சட்டியைக் கையில் எடுக்கும்போது, அந்த வாசலிலுள்ள கோலத்தை நினைத்துக்கொள்வோமாக.