செவிலி நீட்டிய கை

பழவங்காடியைத் தனியூர் என்று சொல்லுதல் பொருந்தாது. திருவனந்தபுரத்துக் கிழக்கே கோட்டையை அடுத்த ஒரு சந்திப்பு அது. பிள்ளையாருக்கு உடைபடும் தேங்காயின் ஓசையும், சாலைக் கடைத்தெருவின் இரைச்சலும், தமிழும் மலையாளமும் அங்கே ஒன்றாய்க் கலந்து ஒலிக்கும். தலைநகர் பத்மநாபபுரத்தினின்று இங்கு மாறியபோது படைவீரரோடு அப்பிள்ளையாரும் உடன் வந்தார் என்பர்; இன்றும் அக்கோயிலைப் பேணுவது இந்தியப் படையே. நாஞ்சில் நாட்டினின்று பெயர்ந்து வந்த எம்போன்ற குடும்பத்தார் அவரையும் எம்மோடு வந்தவராகவே கருதுவது வழக்கம்.

2021-ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் அச்சந்திப்பில் அடிக்கடி என் செவியில் விழுந்த வினா ஒன்றுண்டு. கொரோனாவுக்குத் தடுப்பூசி வந்துவிட்டது என்னும் செய்தி பரவியிருந்த காலம். மருத்துவமனைப் பணி முடித்துப் பேருந்துக்கு நிற்கும் பெண் யாரேனும் கண்ணில் பட்டால் போதும், பூ விற்பவளோ, தேங்காய்க் கடைக்காரரோ, "சிஸ்டர் போட்டாச்சா?" என்று கேட்டுவிடுவர். அமைச்சர் என்ன சொன்னார், அறிஞர் என்ன எழுதினார் என்பதெல்லாம் அவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை. நாள்தோறும் பிறர் கையில் ஊசி ஏற்றுகிறவள் தன் கையை நீட்டினாளா என்பதே அவர்கள் அறிய விரும்பியது. அதைப் பாமரர் பேச்சு என்று தள்ளிவிட என்னால் இயலவில்லை.

நம் மொழியில் நர்சுக்குச் செவிலி என்று பெயர் வைத்தவர்கள் நுட்பம் அறிந்தவர்கள். அகப்பாடல்களில் வரும் செவிலி, பெற்றவள் அல்லள், வளர்த்தவள். தலைவியின் மேனி வாடினால் முதலில் கண்டுகொள்பவளும், ஏன் எப்படி என்று துருவிக் கேட்பவளும் அவளே. கேள்வி கேட்பது செவிலியின் இயல்பு என்பதைத் தமிழ் மரபு அறிந்தே இருந்தது.

இந்தியாவில் தடுப்பூசிப் பணி 2021 சனவரி 16 அன்று தொடங்கிற்று. முதல் வரிசை மருத்துவப் பணியாளர்க்கு. கேரளத்தில் 133 மையங்கள், தமிழகத்தில் 166 மையங்கள். மையத்திற்கு நாளொன்றுக்கு நூறு பேர் என்பது கணக்கு. தமிழகத்தில் முதல் நாள் எதிர்பார்த்தோரில் ஒரு சிறு பகுதியினரே வந்தனர். தில்லியில் ராம் மனோகர் லோகியா மருத்துவமனையின் பயிற்சி மருத்துவர்கள், கோவாக்சினுக்கு மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு வரவில்லை. எங்களுக்குக் கோவிஷீல்டு தருக என்று எழுதிக் கேட்டனர். கோவாக்சினுக்கு அப்போது கிடைத்திருந்தது சோதனை முறையிலான இசைவே; போட்டுக்கொள்வோர் தனியே ஓர் ஒப்புதல் தாளிலும் கையெழுத்திட வேண்டும். அதன் இடைக்கால முடிவு வெளிவந்தது மார்ச்சு 3-இல்தான். ஆக, சனவரியில் அவர்கள் கேட்ட வினாவுக்கு அன்று விடை இருக்கவில்லை என்பதே உண்மை.

எனினும், "மருத்துவமனையில் இருப்பவர்களே அஞ்சினால் மற்றவர் கதி என்ன?" என்று ஏளனம் பேசியவர் பலர். செவிலியர்க்கு அச்சம் என்று சொல்பவர், பேராம்பிரைத் தாலுகா மருத்துவமனையின் செவிலி லினி புதுச்சேரியை மறந்தவர். நிபா நோயாளியைப் பேணி, அந்நோயே தம்மைப் பற்ற, 2018 மே 21 அன்று அவர் மறைந்தார். அந்நோய்க்கு அன்று தடுப்பூசி ஒன்றும் இல்லை. அத்தகையோர் நிறைந்த ஒரு குலம், ஊசிமுனை கண்டு நடுங்கிற்று என்பது நம்பத்தக்கதன்று. தயக்கத்தின் வேர் வேறு எங்கோ இருந்தது.

என் அண்ணன் மகள் இந்நகரத்து மருத்துவமனை ஒன்றில் செவிலி. 2020-இன் நடுப்பகுதி முதல் கொரோனா வார்டில் கவச உடைக்குள் வியர்த்து நின்றவள். சனவரியில் பெயர்ப் பட்டியல் எடுத்தபோது அவளுக்கு ஊசி இல்லை என்றனர். குழந்தைக்குப் பால் கொடுப்போரும் கருவுற்றோரும் அன்றைய விதிப்படி விலக்கப்பட்டிருந்தனர். செவிலியருள் பெரும்பாலோர் பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் என்பதை விதி எழுதியோர் எண்ணினரோ, அறியேன். மார்ச்சில் செருமனியும் பிரான்சும் இத்தாலியும் ஆஸ்ட்ராசெனகா ஊசியைச் சில நாள் நிறுத்தி வைத்தன. கோவிஷீல்டு என்பது அதே மருந்துதான். அயர்லாந்திலும் செருமனியிலும் பணிபுரியும் தோழியர் அனுப்பிய செய்தி அன்றிரவே இவள் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. குருதி உறைதல் மிக மிக அரிதாக நேர்கிறது என்று ஐரோப்பிய மருந்து வாரியம் ஏப்ரலில் சொன்னதும் வந்தது. உலகெங்கும் செவிலியரை அனுப்பிவைத்த நாட்டில் செய்தி அரசாணைக்காகக் காத்திருப்பதில்லை.

பின்பு இரண்டாம் அலை. மே 12 அன்று கேரளத்தில் ஒரே நாளில் 43,529 பேருக்கு நோய் கண்டது. மே 19 அன்று, பாலூட்டும் தாய்மாரும் போட்டுக்கொள்ளலாம் என்று நடுவணரசு அறிவித்தது. அன்று மாலை அவளிடம் அதைச் சொன்னபோது அவள் சொன்னது எனக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது.

"சித்தப்பா, சனவரியிலே வேண்டாம்னு சொன்னதும் இவங்கதான், இப்ப போட்டுக்கோன்னு சொல்றதும் இவங்கதான். நடுவிலே என்ன கண்டுபிடிச்சாங்க? அதை யாராவது எனக்குச் சொல்லட்டும். என் கையைப் பத்தி இல்லே, பிள்ளை குடிக்கிற பாலைப் பத்திக் கேட்கிறேன்."

குழந்தைக்கு அப்போது ஒன்றரை வயது, பால் மறக்கடிக்கவில்லை. என் அண்ணியார் ஒரு பக்கம் வேண்டாம் என்றார். வீட்டில் இருந்த ஆடவர் நாங்கள் வேறு பக்கம் அறிவுரை கூறினோம். இரண்டும் அவள் கேட்டதற்கு விடையல்ல.

விடை சொன்னவர் அவள் வார்டின் தலைமைச் செவிலி. ஓய்வு பெறச் சில வாரமே இருந்த அம்மையார். இரவுப் பணி முடிந்த ஒரு விடியலில், தேநீர்க் கோப்பையோடு இவளருகே அமர்ந்து விளக்கினாராம். முதற் சோதனைகளில் கருவுற்றோரையும் பாலூட்டுவோரையும் சேர்க்கவில்லை. சேர்க்காததால் சான்று இல்லை. சான்று இல்லாததால் வேண்டாம் என்றார்கள். தீங்கு கண்டு விலக்கியதன்று. இம்மருந்தில் உள்ள கிருமி உடலில் பெருகும் ஆற்றல் நீக்கப்பட்டது. பால் வழியே பிள்ளைக்கு நோய் தர அதனால் இயலாது. ஊசி போட்டுக்கொண்ட தாயரின் பாலில் எதிர்ப்புப் பொருள் காணப்பட்டதாகவும் வேற்றுநாட்டு ஆய்வாளர் சொல்லத் தொடங்கியிருந்தனர். இவ்வளவே. இதைச் சனவரியிலேயே நான்கு வரியில் அச்சிட்டு ஒவ்வொரு வார்டிலும் ஒட்டியிருக்கலாம் என்பது என் கருத்து.

இன்னொரு செய்தியும் அவர் பேச்சில் வந்தது. ஊசி போட்ட மறுநாள் காய்ச்சலும் உடல்வலியும் பலர்க்கு வரும். ஒரு வார்டின் செவிலியர் எல்லாரும் ஒரே நாளில் போட்டுக்கொண்டு மறுநாள் படுத்தால் நோயாளியை யார் பார்ப்பது? முறை வைத்துப் போட்டால், கடைசியில் நிற்பவள் மறுக்கிறாள் என்று கணக்கில் எழுதிவிடுகிறார்கள். தயங்கியோர் பட்டியலில் இவ்வாறு சேர்ந்த பெயர்களும் உண்டு. அந்த அம்மையார் இவளுடைய மறுநாள் பணியைத் தாமே ஏற்றுக்கொண்டார். இவள் சென்று போட்டுக்கொண்டாள்.

இவ்விடத்தில் நம் நகரத்துப் பழங்கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. 1810 முதல் 1815 வரை திருவிதாங்கூரை ஆண்ட ராணி கௌரி லட்சுமி பாய் காலத்தில், கர்னல் மன்றோ திவானாய் இருந்தபோது, அம்மை குத்தும் முறை இங்கு வந்தது. மக்கள் அஞ்சி ஒளிந்தனர். அரச குடும்பத்தார் முதலில் தாம் குத்திக்கொண்டு வழிகாட்டினர். 1879-இல் அரசு ஊழியர்க்கும் சிறைவாசிகட்கும் பள்ளி மாணவர்க்கும் அதைக் கட்டாயமாக்கிப் பேராணை பிறந்தது. முதலில் முன்மாதிரி, பின்னர் ஆணை. அரண்மனை செய்ததை 2021-இல் பழவங்காடி மக்கள் செவிலியிடம் எதிர்பார்த்தனர். ஆனால் அரசியாரிடம் இருந்த காலமும் கலந்துரையாடலும் அவளுக்குத் தரப்பட்டனவா? ஊசி விருப்பத்தின்பாற்பட்டது என்றுதான் நடுவணரசு சொன்னது. விருப்பம் என்றால் வேண்டாம் என்று சொல்லவும், ஏன் என்று கேட்கவும் இடம் இருக்க வேண்டும். அவ்விடம் இல்லாமற் பெற்ற இசைவைத் தெருவிலுள்ளவர் முகத்திலேயே கண்டுகொள்வர். "போட்டேன்" என்று சொல்லும் குரலிலிருந்தே அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

கேட்டுத் தெளிந்தவர் எப்படிப் பணி செய்வர் என்பதற்கு ஒரு கணக்கு. 2021 மே தொடக்கத்தில் கேரளம் நடுவணரசிடம் பெற்றது 73,38,806 தவணை, போட்டது 74,26,164. சிந்துவதற்கென்று குப்பியில் விடப்படும் சிறு மிகுதியையும் வீணாக்காமல், பத்துப் பேருக்கான குப்பியில் பதினோராவது ஆளுக்கும் மருந்து எடுத்தவர் செவிலியர். கைத்திறமும் பொறுமையும் இன்றி அது ஆகாது.

சூலை 2 அன்று கருவுற்றோர்க்கும் இசைவு வந்தது. சில நாள் கழித்து அண்ணன் மகளை அழைத்துவர மருத்துவமனை வாயிலுக்குச் சென்றேன். அவள் வெளிவர ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆறு மாதக் கருவோடு இருந்த இளஞ்செவிலி ஒருத்தியுடன் படிக்கட்டில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தாளாம். "போட்டுக்கொண்டாளா?" என்றேன். "இல்லை சித்தப்பா, இன்னிக்கு இல்லே. வீட்டிலே அம்மாகிட்டே பேசணும்னு சொன்னா" என்றாள். மறுவாரம் அப்பெண் தாயோடு வந்தாள். தாய்க்கும் அன்றே முதல் தவணை போட்டார்கள்.