எங்கே பிறந்த பாம்பு?

பாம்பு வளர்ப்போரிடையே நெடுங்காலமாக நிலவும் வாதம் ஒன்று உண்டு. இனப்பெருக்கத்துக்குக் காட்டில் பிடித்த பாம்பை வாங்குவதா, வளர்ப்பிடத்தில் பிறந்த பாம்பை வாங்குவதா என்பதே அது. பாம்பு என்றதும் தடியைத் தேடுகின்ற ஊரில் பிறந்த எமக்கு இது வேறு உலகத்துச் சங்கதியாகத் தோன்றலாம். ஆனால் புலம்பெயர்ந்த எம்மவரின் பிள்ளைகளில் சிலரும் இன்று அந்த உலகத்தில் இருக்கிறார்கள். ரொறொன்ரோவில் வசிக்கும் என் தங்கையின் மகன் அவர்களில் ஒருவன். பந்து மலைப்பாம்பு என்று சொல்லப்படும் மேற்கு ஆபிரிக்க மலைப்பாம்புகள் ஆறினை அவன் தன் அறையில் வளர்க்கிறான். தங்கை அந்த அறைக்குள் போவதில்லை.

பந்து மலைப்பாம்பு சிறியது. வளர்ந்தாலும் ஒன்றரை மீற்றரைத் தாண்டுவது அரிது. அஞ்சினால் தலையை நடுவில் வைத்து உடலைப் பந்துபோலச் சுருட்டிக்கொள்ளும், கடிப்பது அபூர்வம். கானா, டோகோ, பெனின் ஆகிய நாடுகளின் வயல் ஓரங்களிலும் புற்றுகளிலும் எலி வளைகளிலும் வாழ்கிறது. பெனினின் உவிடா நகரில் இதற்குக் கோயிலே இருக்கிறது. அங்கே வழிபடப்படும் அதே பாம்பு அயல் நிலங்களிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டு, பல்லாண்டுகளாக வட அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் விமானம் ஏறி வந்திருக்கிறது.

இந்த வணிகத்தைக் கட்டுப்படுத்துவது 1973இல் கையெழுத்தாகி 1975இல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் உடன்படிக்கை. அதன்படி வழங்கப்படும் அனுமதிப் பத்திரத்தில் விலங்கின் மூலத்தைக் குறிக்க ஒரு கட்டம் உண்டு. அதில் ஓர் எழுத்து இருக்கும். ‘டபிள்யூ’ என்றால் காட்டில் பிடிபட்டது. ‘ஆர்’ என்றால் முட்டையாகவோ குஞ்சாகவோ காட்டிலிருந்து எடுத்து வந்து பண்ணையில் வளர்க்கப்பட்டது. ‘எஃப்’ என்றால் வளர்ப்பிடத்தில் பிறந்தது. ‘சி’ என்றால் வளர்ப்பிடத்திலேயே இனம் பெருக்கப்பட்டது. கடைசி இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் ‘சி’ என்று எழுதுவதற்குத் தாயும் தகப்பனும் வளர்ப்பிடத்தில் கூடியிருக்க வேண்டும். பேரப்பிள்ளைத் தலைமுறை வரை அங்கேயே உருவாக்கக்கூடிய கூட்டமாக அது இருக்க வேண்டும். முதன்முதல் கொண்டுவந்த பாம்புகளும் சட்டப்படி பெறப்பட்டிருக்க வேண்டும். பத்திரிகைத் தொழிலில் மூலம் தெரியாத செய்தியை எப்படிப் பார்ப்போமோ, அப்படியே பார்க்க வேண்டிய கட்டம் இது.

வளர்ப்பில் பிறந்ததையே வாங்கு என்று அனுபவசாலிகள் சொல்வதற்குத் தக்க காரணங்கள் உண்டு. காட்டிலிருந்து வந்த பந்து மலைப்பாம்பு பல மாதங்கள் இரை தொடாமல் கிடக்கும். அது பழகிய ஆபிரிக்க எலி வேறு, கூண்டில் கொடுக்கும் வெள்ளெலி வேறு. செதில்களுக்கிடையில் உண்ணி இருக்கும், குடலில் புழு இருக்கும். ஒரு பருவமோ இரண்டு பருவமோ கூடாமலே கழிந்துவிடும். இவற்றைவிட அச்சம் தருவது கண்ணுக்குத் தெரியாத நோய். மலைப்பாம்புகளையும் போவாக்களையும் கொல்லும் ஒரு கொடிய நோயின் பின்னால் அரீனா வைரசுகள் இருப்பது 2012இல்தான் வெளிப்பட்டது. போவாக்கள் அதை வெளிக்காட்டாமலே ஆண்டுக்கணக்கில் சுமந்து திரியும். பந்து மலைப்பாம்புகளின் சுவாச நோயோடு நிடோவைரசைத் தொடர்புபடுத்திய ஆய்வுகள் 2014இல் வந்தன. புதிதாக வருகின்ற ஒரு பாம்பு, ஏற்கனவே இருக்கும் ஆறையும் கொண்டுபோய்விடலாம்.

ஆனால் வளர்ப்புப் பாம்பு என்ற சொல்லும் முழுத் தூய்மையானதல்ல. இன்று விற்கப்படும் வெள்ளை, மஞ்சள், புள்ளி வகைகளில் பலவற்றின் முதல் பாம்பு காட்டில் பிடிபட்டதுதான். ‘சிலந்தி’ என்ற வகையை எடுத்துக்கொள்ளுங்கள். 1999இல் இனப்பெருக்கத்துக்கு வந்த காட்டுப் பாம்பு ஒன்றின் வழித்தோன்றல்களே அவை அனைத்தும். அழகான வலைக்கோலம் உண்டு. கூடவே தலை ஆட்டமும் உண்டு. குறிபார்த்து இரையைப் பிடிக்க முடியாமல் சில திருகித் தடுமாறும். உட்காதின் அமைப்புக் குறைபாடே இதற்குக் காரணம் என 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. குறையென்று தெரிந்தும் கோலத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கினார்கள். தகப்பனோடு மகளைச் சேர்ப்பதும் இந்தத் தொழிலில் புதுமையல்ல. ஆகவே புதிய இரத்தம் வேண்டும் என்று காட்டுப் பாம்பைத் தேடுபவர் சொல்லும் நியாயத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. வேறொரு வளர்ப்பாளரின் உறவில்லாத வழியிலிருந்தும் அந்த இரத்தம் கிடைக்கும் என்பதுதான் என் பதில்.

மருமகன் சென்ற ஆண்டு ஒரு படத்தைத் தொலைபேசியில் அனுப்பினான். சந்தை ஒன்றில் நல்ல வளர்ந்த பெண் பாம்பு, ஒன்றரைக் கிலோ எடை, பாதி விலை. கூடவே விற்பனையாளர் காட்டிய அனுமதிப் பத்திரத்தின் பிரதி. “மாமா, நீங்கள் கடதாசி பார்த்துப் பழகின ஆள்தானே, இது சரியோ எண்டு பாருங்கோ” என்றான். எழுத்து ‘ஆர்’. திகதி நான்கு மாதத்துக்கு முந்தியது. பண்ணையில் பொரித்த குஞ்சுகளைச் சில வாரங்களிலேயே அனுப்பிவிடுவார்கள். அப்போது அது ஓர் உள்ளங்கைக்குள் அடங்கும். ஒன்றரைக் கிலோவுக்கு வளர ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வேண்டும். அந்தப் பத்திரத்துக்குரிய பாம்பு இதுவல்ல, அல்லது பத்திரத்தில் எழுதியது உண்மையல்ல. முட்டைக்காகத் தோண்டியெடுத்த தாயைப் பின்னர் காட்டில் விட்டுவிட வேண்டும் என்பது பண்ணை முறையின் ஏற்பாடு. அப்படி விடப்பட வேண்டிய தாய்களில் ஒன்றோ இது என்ற ஐயம் எனக்கு இன்னமும் இருக்கிறது. கழுத்தடியில் உண்ணி கடித்த தழும்புகள் இருந்ததாகவும் அவன் சொன்னான்.

வாங்காதே என்றேன். பொரித்த நாள், தாய் தகப்பன், மாதாந்த எடை, தின்ற இரை எல்லாவற்றையும் அட்டையில் எழுதிவைத்திருந்த ஒருவரிடம் இரண்டு மடங்கு விலை கொடுத்து ஓர் இளம் பெண் பாம்பை வாங்கினான். அது முட்டையிட அவன் இன்னும் இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். வந்ததும் மூன்று மாதம் வேறு அறையில் தனித்து வைத்தான்.

இத்தகைய பத்திர விளையாட்டு எவ்வளவு பெரிதாக நடக்கக்கூடும் என்பதற்கு இந்தோனேசியாவின் பச்சை மலைப்பாம்பு சாட்சி. ஜெசிக்கா லயன்ஸ், டானியல் நதுஷ் ஆகிய ஆய்வாளர்கள் அங்குள்ள வணிகர்களிடம் நேரில் சென்று, சட்டவிரோதமாகப் பிடிக்கப்பட்ட 4,227 பாம்புகளைப் பதிவுசெய்தார்கள். வளர்ப்பில் பெருக்கியவை என்று ஏற்றுமதியானவற்றில் குறைந்தது 80 சதவீதம் காட்டில் பிடித்தவை என்று 2011இல் எழுதினார்கள். அவற்றை வாங்கிய ஐரோப்பியரும் அமெரிக்கரும் காட்டைக் காப்பதற்காகவே வளர்ப்புப் பாம்பை வாங்குகிறோம் என்று எண்ணியிருப்பார்கள்.

எங்கள் நாட்டுக்கும் இதில் பங்குண்டு, பாம்பில் அல்ல, ஓணானில். இலங்கைக்கு மட்டுமே உரிய கொம்பு ஓணான்களும் குள்ள ஓணான்களும் கூன்மூக்கு ஓணானும் ஐரோப்பியச் சந்தைகளில் ‘வளர்ப்பில் பிறந்தவை’ என்ற அடையாளத்தோடு விலைபோயின. இலங்கை இவற்றை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்ய அனுமதித்ததில்லை. சட்டப்படி நாட்டைவிட்டு வெளியேறாத தாய்க்கு ஐரோப்பாவில் எப்படிச் சட்டப்படி பிள்ளை பிறந்தது? பிறநாட்டுச் சட்டத்தை மீறி எடுத்த உயிரினத்தை வாங்குவதும் விற்பதும் குற்றம் என்று அமெரிக்காவின் லேசி சட்டம் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அப்போது அதற்கு நிகரான சட்டம் இருக்கவில்லை. 2019இல் சைட்டிஸ் மாநாட்டில் இலங்கை இவற்றுக்குப் பாதுகாப்புக் கேட்டது. குள்ள ஓணான் இனங்கள் இரண்டும் கொம்பு ஓணான்கள் மூன்றும் முதலாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கூன்மூக்கு ஓணானும் எஞ்சிய கொம்பு ஓணான்கள் இரண்டும் இரண்டாம் அட்டவணைக்குப் போயின. அதற்கு முன்னர் போய்ச் சேர்ந்தவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இப்போது ‘சி’ என்ற எழுத்தைக் கேட்டு வரிசையில் நிற்கக்கூடும்.