திறப்பு விழாவில் இல்லாத இயக்குநர்
மிஷேல் கொலர்தெல்லைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், ரிலீஸ் நாளில் டீமில் இல்லாத ஆட்கள்தான் எனக்கு ஞாபகம் வருகிறார்கள்.

இடைக்காலத் தொல்லியலாளர். பிரான்ஸில், ஆல்ப்ஸ் பக்கம் பலாத்ரு ஏரிக்கடியில், 11-ஆம் நூற்றாண்டுக் குடியிருப்பு ஒன்றை 1972-லிருந்து தோண்டினார். ஏரி நீர் ஏறியதால் மக்கள் விட்டுப்போன இடம். காற்றுப் படாத சேற்றில் மரமும் தோலும்கூடக் கெடவில்லை. குதிரைச் சாமான், ஆயுதம், உழவுக் கருவி எல்லாம் ஒரே ஊரில் கிடைத்தன. போர்வீரன் வேறு, விவசாயி வேறு என்ற பாடப்புத்தகப் பிரிப்பு அங்கே செல்லாது. செஸ் காய்களும் கிடைத்தன. உழுதுட்டு வந்து செஸ் ஆடியிருக்காங்க!

1996-ல் பாரிஸின் நாட்டார் கலை அருங்காட்சியகத்துக்கு இயக்குநரானார். கூட்டம் வற்றிப்போன இடம். பெயின்ட் அடித்துச் சமாளித்திருக்கலாம். அவரோ மொத்தத்தையும் மார்செய்க்குக் கொண்டுபோகும் திட்டத்தைக் கையில் எடுத்தார்; பிரெஞ்சுக் கிராமத்தோடு நின்றதை ஐரோப்பா, மத்தியதரைக் கடல் என்று விரித்தார். தேசிய அருங்காட்சியகத்தைத் தலைநகரிலிருந்து கிளப்புவது லேசுப்பட்ட வேலையா? வருஷக்கணக்கில் இழுத்தது. 2009-ல் பொறுப்பு கைமாறியது. 2013 ஜூனில் ‘ம்யூசெம்’ திறந்தது. ரிச்சியோத்தி வடிவமைத்த கான்கிரீட் வலைக் கட்டிடத்தைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். எனக்கென்னவோ, பாரிஸில் பெட்டி கட்டி ஏற்றிய அந்தப் பழைய சாமான்களைப் பார்க்கத்தான் ஆசை.