அப்பாவின் வைஃபை பந்தல்

ரொம்ப நாளா பதிவுப் பக்கம் தலை வச்சுப் படுக்கலை. பொட்டி தட்டுற பொழப்பு அப்படி. ஆனா போன மாசம் திருச்சிக்குப் போனப்ப நடந்ததை எழுதலேன்னா மனசு ஆறாது.

அப்பா ரிட்டயர்ட் கணக்கு வாத்தியார். சாயங்காலம் திண்ணையில தெருப் பசங்களுக்கு இலவச டியூஷன். அவங்க வீடியோ பாடம் பார்க்கணும்னு வீட்டு வைஃபைக்கு பாஸ்வேர்டே கிடையாது. கேட்டா, "தண்ணீர்ப் பந்தலுக்கு யாராவது பூட்டு போடுவாங்களாடா?"ம்பார்.

நானும் பெரிய மேதாவியாட்டம் 2008 கதையை எடுத்து விட்டேன். அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிஷம் முன்னாடி டிவி சேனல்களுக்கு மிரட்டல் மெயில் போச்சு. ஐபி முகவரியைப் பிடிச்சுக்கிட்டு போலீஸ் போய் நின்னது நவி மும்பையில ஓர் அமெரிக்கர் வீட்டு வாசல்ல. அவரோட வைஃபை திறந்து கிடந்திருக்கு. ஐபி முகவரி கனெக்‌ஷன் யாரோடதுன்னுதான் சொல்லும், தட்டின விரல் யாரோடதுன்னு சொல்லாது.

"என் பசங்க அப்படிச் செய்ய மாட்டாங்க." அவ்வளவுதான் பதில்.

சரி, செஞ்சே காட்டிடுவோம்னு ரௌட்டரை அணைச்சிட்டு, என் மொபைல் நெட்டை வச்சு லேப்டாப்பில ஒரு ஹாட்ஸ்பாட் போட்டேன். அப்பா வைஃபையோட பேரையே அதுக்கும் வச்சேன். பாஸ்வேர்டு இல்லாத நெட்வொர்க்னா போன் பேரைத்தான் பார்க்கும். அசலா போலியான்னு அதுக்குத் தெரியாது. ஈஸிசேர்ல இருந்த அப்பா போன் அப்படியே தாவிடுச்சு. அவருக்குத் தெரியவே இல்லை.

இப்பல்லாம் பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ். உள்ளே என்ன படிக்கிறாங்க, என்ன பாஸ்வேர்டு அடிக்கிறாங்கன்னு பார்க்க முடியாது. ஆனா எந்த வாசல்ல போய் நிக்கிறாங்கன்னு டிஎன்எஸ் காட்டிக் கொடுத்திடும். என் திரையில வரிசையா வந்தது: செய்தித்தாள், பேங்க், ஒரு கண் ஆஸ்பத்திரி. அப்புறம் இன்னொரு கண் ஆஸ்பத்திரி. மறுபடி முதல் ஆஸ்பத்திரி.

ஜெயிச்சிட்டேன்னு சொல்ல வாய் வரலை. திண்ணைக் கரும்பலகையில எழுத்து வருஷா வருஷம் பெருசாயிட்டே போனது அப்பதான் உறைச்சுது. பின்பெஞ்சு பசங்களுக்காகன்னு நினைச்சிருந்தேன்.

லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். அப்பா கண்ணாடியை ஏத்திவிட்டுக் கிட்ட குனிஞ்சு பார்த்தார். ரொம்ப நேரம் பேசலை. "உங்கம்மாகிட்ட சொல்லிடாதே"ன்னார் கடைசியா. அந்தப் பட்டியலைத் தெருவில போற எவனும் பார்த்திருக்கலாம். பார்த்தது மகன். அதுவும் கேட்காமப் பார்த்தேன். அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் போகலை.

மறுநாளே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். கண்புரைதான், ஆபரேஷன் முடிஞ்சு நல்லா இருக்கார்.

வைஃபையும் மாறியாச்சு. பசங்களுக்குத் தனி கெஸ்ட் நெட்வொர்க், அதுக்கு பாஸ்வேர்டு. குறைஞ்சது எட்டு எழுத்து வேணும்னு சொன்னேன். இப்ப வாரம் ஒரு கணக்கு, விடை எட்டு இலக்கத்துல வர்ற மாதிரி. விடைதான் பாஸ்வேர்டு!

டிஸ்கி: வெறும் எட்டு இலக்கம்னா சுலபமா உடைச்சிடலாம்னு எனக்கும் தெரியும். பின்னாடி ஒரு ரகசிய வார்த்தையும் சேர்த்திருக்கோம். அதை இங்கே சொல்ல மாட்டேன் :-)