கோயிலின் மேல் எரிந்த கடல் விளக்கு

மாமல்லபுரம் செல்லும் அன்பர்களில் பலர் கடற்கரைக் கோயிலைக் கண்டு, தலசயனப் பெருமாளைச் சேவித்துத் திரும்பிவிடுகின்றனர். மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே, பாறையின் உச்சியில் நிற்கும் ஒலக்கண்ணேசுவரர் கோயில் வரை ஏறுவோர் சிலரே. எட்டாம் நூற்றாண்டுப் பல்லவர் பணி அது. சுவர்களில் தட்சிணாமூர்த்தியும், கயிலையைப் பெயர்க்க முயன்ற இராவணனை அடக்கிய ஈசனும், ஆடும் பெருமானும் காட்சி தருகின்றனர். கருவறையில் இன்று மூர்த்தம் இல்லை. விமானத்தின் மேற்பகுதியும் இல்லை.

அந்த மொட்டைத் தளத்தின் மீதுதான் ஆங்கிலேயர் 1887-இல் கப்பல்களுக்காக விளக்கேற்றினர். அருகிலுள்ள பாறையில் கல்லால் எழுப்பிய வட்டக் கோபுரம் 1904 முதல் அப்பணியை ஏற்றது. கோயிலின் தலையில் கடல் விளக்கா என்று வருந்துவோர் உண்டு. எனக்கு அவ்வருத்தம் இல்லை. ஈசன் இல்லத்தின் உச்சியில் எரிந்த சுடர், முகம் அறியாத மாலுமிகளின் உயிரைக் காத்ததென்றால் அதில் குறை காண என்ன இருக்கிறது?

இந்த வழக்கம் தொண்டை நாட்டுக்குப் புதிதும் அன்று. நீர்ப்பெயற்று என்னும் துறையில், வானளாவிய மாடத்தின் மேல் இரவில் ஏற்றிய தீ, கடலில் ஓடும் கலங்களை அழைத்ததாகப் பெரும்பாணாற்றுப்படை கூறுகிறது. அத்துறை மாமல்லையே என்பாரும் உளர், மறுப்பாரும் உளர்.

கரையில் விளக்கு எரிவது மட்டும் மாலுமிக்குப் போதாது. அது எந்த ஊர் விளக்கு என்றும் தெரியவேண்டும். ஆகவே ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் தனித்த வீச்சுமுறை உண்டு. ஒன்று ஒருமுறை மின்னி ஓயும். மற்றொன்று இருமுறை மின்னும். இருளின் இடைவெளியும் வேறுபடும். மாலுமி வினாடிகளை எண்ணி, அச்சிட்ட பட்டியலோடு ஒப்பிட்டு, இடத்தை அறிகிறார். வங்கியில் மாதிரிக் கையொப்பத்தோடு காசோலையை ஒப்பிட்டே காலம் கழித்த எனக்கு இது உடனே விளங்கிற்று. இரண்டு விளக்குகள் தென்பட்டால், அவை இருக்கும் திசைகளை வரைபடத்தில் கோடுகளாக இழுப்பார். அவை வெட்டும் புள்ளியே கப்பல் நிற்கும் இடம். சிறு சுடரின் ஒளி சிதறாமல் தொலைதூரம் செல்ல வழி கண்டவர் பிரெஞ்சு அறிஞர் ஃபிரெனெல். அவர் வகுத்த அடுக்குக் கண்ணாடி வில்லை 1823-இல் முதன்முதலாக அந்நாட்டின் கோர்துவான் விளக்கத்தில் பொருத்தப்பட்டது.

மாமல்லைக் கோபுரத்தில் பகலில் ஏறலாம், படிகள் குறுகலானவை. மூட்டுவலி உள்ளோர் கீழேயே இருந்து, இருட்டியபின் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அந்த வீச்சை எண்ணிப் பார்க்கலாம்.